ஸ்ரீ சிதம்பரம் பிள்ளையும் இலங்கைக் கப்பலும்

தேவிபட்டினத்துக் கடல் சீறியெழும் கடல் அன்று. நவபாஷாணத்தைத் தரிசிக்க வரும் யாத்திரிகர்கள் ஒன்பது கற்களையும் சுற்றி வந்து நீராடும் அந்த நீர், பல நாட்களில் ஊருணித் தண்ணீரைப் போல அசைவற்றுக் கிடக்கும். ஆழமும் அதிகமில்லை. பெரிய கப்பல் எதுவும் அந்தக் கரையை அணுக முடியாது. ஆயினும் அந்நீரின் மறுகரை யாழ்ப்பாணமும் மன்னாருமே ஆகும். சேது நாட்டு ஜனங்களுக்கு மதராஸைக் காட்டிலும் இலங்கை சமீபம் என்பதைத் தேசப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் என்றும் இருந்ததில்லை.

இவ்விரு கரைகளுக்கும் இடையே இப்பொழுது புதியதொரு போக்குவரத்தைப் பற்றிப் பேச்சு எழுந்திருக்கிறது. 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 5-ந் தேதி கொழும்பு நகரத்தில் இந்திய சர்க்காரும் இலங்கை சர்க்காரும் தங்கள் மின்சார அமைப்புகளைக் கம்பியால் இணைத்து, ஒருவருக்கொருவர் மின்சாரத்தை விற்கவும் வாங்கவும் வழிசெய்யும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். இதற்காக நெடுநாளாக நடந்துவரும் ஆராய்ச்சிகளில் பேசப்பட்ட தடங்களுள் ஒன்று, மதுரையிலிருந்து புறப்பட்டு, இந்த ஜில்லாவின் கரையிலே பனைக்குளத்தருகில் கடலுக்குள் இறங்கி, மன்னார்ப் பக்கத்தில் கரையேறுவதாகும். இதே ஜில்லாவில் கமுதிக்கருகே 648 மெகாவாட் சக்தியுள்ள சூரிய மின் நிலையம் 2016-ம் வருஷம் முதல் இருந்து வருகிறது. மன்னார்க் கரையிலோ காற்றுக்குக் குறைவே இல்லை. ஒருவரிடம் வெயிலும் மற்றவரிடம் காற்றும் மிகுந்திருக்கும்போது கொடுக்கல் வாங்கல் செய்துகொள்வது அயலாருக்கு இயல்பே.

இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தைச் சொல்லுமுன், இதே கடலில் இதே கேள்வி ஒருமுறை எழுந்து, ஒரு மனிதரை உருக்குலைத்துச் சென்ற சரித்திரத்தை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அவர் பெயரை அறியாத தமிழர் இல்லை. அவர் செக்கிழுத்ததை அறியாதவரும் இல்லை. ஆனால் அவர் கப்பல் விட்டதைப் பற்றி, அது ஏதோ வீரச் செயல் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறோமேயன்றி, அந்தக் கம்பெனி எவ்வாறு அமைக்கப்பட்டது, எவ்வாறு நடந்தது, எதனால் வீழ்ந்தது என்பதை விசாரிப்பவர் சிலரே.

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1872-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 5-ந் தேதி ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார். தகப்பனார் உலகநாத பிள்ளை ஒரு வக்கீல். தாயார் பரமாயி அம்மையார். ஓட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் கல்வி கற்றார். தகப்பனாரின் தொழிலையே தாமும் மேற்கொண்டு, பிளீடர் பரீட்சையில் தேறிச் சொந்த ஊரிலேயே வழக்குகளை நடத்தத் தொடங்கினார். ஏழைகளுக்குப் பணம் வாங்காமல் வாதாடியதும், போலீஸார் தொடுத்த வழக்குகளை முறியடித்ததும் அவருக்கு ஜனங்களிடத்தில் நல்ல பெயரையும் அதிகாரிகளிடத்தில் பொல்லாத பெயரையும் தேடித்தந்தன. 1900-ம் வருஷத்தில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த வருஷத்தில் முதல் மனைவியார் வள்ளியம்மையார் காலமானார். பின்னர் மீனாட்சி அம்மையாரை மணந்துகொண்டார். இது வரையில் அவருடைய வாழ்க்கை, தென்னாட்டில் நன்றாகச் சம்பாதித்த எந்த வக்கீலின் வாழ்க்கையையும் போன்றதேயாகும்.

தூத்துக்குடிதான் அவரை மாற்றிற்று. அந்நாளில் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வரை வந்து, அங்கே கப்பலேற வேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலி ஜனங்களும், கொழும்பில் கடை வைத்திருந்த வியாபாரிகளும், அரிசி மூட்டையும் துணிப் பொதியும் அந்த வழியே சென்றன. அந்த வழி முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்னும் ஒரே கம்பெனியின் கையில் இருந்தது.

பாய்மரத் தோணிக்கும் நீராவிக் கப்பலுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே கவனிக்க வேண்டும். தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை முதலிய துறைகளிலிருந்து தோணி விட்டவர்கள் காற்றை நம்பி விட்டார்கள். கச்சானும் சோழகமும் வாடையும் கொண்டலும் தத்தம் பருவத்தில் வந்தன. யாரும் அவற்றுக்கு விலை வைக்கவில்லை. மரம் வாங்கித் தோணி கட்டும் வசதியுள்ள மரைக்காயர் எவரும், துணிவுள்ள தண்டையல் எவரும், அக்கரை வியாபாரத்தில் பங்குபெறலாம். நீராவி வந்த பிறகு நிலைமை வேறு. கப்பலை ஓட்டுவதற்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரி வாங்கப் பெருமூலதனம் வேண்டும். வங்காளத்துச் சுரங்கங்களிலிருந்து எடுத்த கரி கல்கத்தாவில் ஏறிக் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, அங்கே கப்பல்களின் வயிற்றை நிரப்பிற்று. கரி நம் நாட்டது, கடலும் நம்முடையது, ஏறிச் சென்ற ஜனங்களும் நம்மவர், அவர்கள் போய் இறங்கிய நாடு நம் அயல்நாடு. இலாபம் மட்டும் ஆறாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள பங்குதாரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அயலார் இருவர் வியாபாரம் செய்ய மூன்றாமவன் சுங்கம் எடுத்துக்கொண்ட கதை இது.

இக்கம்பெனியின் ஏகபோகத்தால் தூத்துக்குடி வியாபாரிகள் நெடுநாளாக மனம் புழுங்கியிருந்தார்கள். வங்காளப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசிக் கிளர்ச்சி 1906-ல் தெற்கே பரவிய காலத்தில், பிள்ளையவர்கள் அந்தப் புழுக்கத்துக்கு ஓர் உருவம் கொடுத்தார். அவ்வருஷம் அக்டோபர் மாதம் 16-ந் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி முறைப்படி ரிஜிஸ்தர் செய்யப்பட்டது. மூலதனம் பத்து லட்ச ரூபாய். அது ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் நாற்பதினாயிரம் பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது.

தலைமை வகிக்க முன்வந்தவர் இராமநாதபுரத்துப் பிரபுவான ஸ்ரீ பாண்டித்துரைத் தேவர். பாலவனத்தம் ஜமீன்தாரும், 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான அவரைப் புலவர்களைப் போற்றிய வள்ளல் என்றுதான் உலகம் அறியும். தமிழ் நூல்களை அச்சேற்றப் பணம் கொடுத்த கையே கப்பல் கம்பெனிக்கும் துணைநின்றது என்பதைச் சேது நாட்டார் சற்று மறந்துவிட்டார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. தேவிபட்டினத்துக்குக் கூப்பிடு தூரத்திலிருக்கும் ஓர் ஊரின் பிரபு, தூத்துக்குடிக் கப்பலுக்குத் தலைவராக இருக்க இசைந்தது காரணமில்லாமல் அன்று. சேது நாட்டின் செல்வம் என்றும் கடல் வழியே வந்த செல்வந்தான். காரியதரிசியாக இருந்த ஹாஜி முகமது பக்கீர் சேட் எண்ணாயிரம் பங்குகளை, அதாவது இரண்டு லட்ச ரூபாய்ப் பங்குகளை, ஒருவராகவே எடுத்துக்கொண்டார். சேலம் ஸ்ரீ விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகர்களுள் ஒருவர். பிள்ளையவர்கள் ஏற்றுக்கொண்ட பதவி உதவிக் காரியதரிசி என்பதே. உழைப்பு முழுவதும் அவருடையது.

வக்கீல் தொழில் பழகிய நமக்கு, ஒரு கம்பெனியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அதன் அமைப்புப் பத்திரத்தில் கண்ட நோக்கங்கள் எவை என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான பத்திரங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவையாகவே இருக்கும். இந்தக் கம்பெனியின் பத்திரம் அப்படிப்பட்டதன்று. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் மற்ற இடங்களுக்கும் கப்பல் ஓட்டுவது மட்டும் அதன் நோக்கமாகச் சொல்லப்படவில்லை. இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் ஆசியாக் கண்டத்தின் மற்ற ஜாதியாருக்கும் கப்பலோட்டும் தொழிலையும் கப்பல் கட்டும் தொழிலையும் பழக்கிக்கொடுப்பது, அதற்கெனக் கலாசாலைகள் ஏற்படுத்துவது, கப்பல் கட்டும் துறைகள் அமைப்பது, அத்தொழிலின் இலாபத்தை அவர்களே அனுபவிக்கச் செய்வது என்பனவும் நோக்கங்களாகக் குறிக்கப்பட்டிருந்தன. பங்குகளை வாங்கும் உரிமையும் இந்தியர், இலங்கையர், பிற ஆசியர் ஆகியோருக்கே உரியதாக வைக்கப்பட்டிருந்தது.

இலங்கையர் என்ற அந்தச் சொல்லில்தான் பிள்ளையவர்களுடைய தீர்க்கதரிசனம் அடங்கியிருக்கிறது. வெள்ளைக்காரக் கம்பெனியை விரட்டிவிட்டு அந்த இடத்தில் இந்தியக் கம்பெனியை உட்காரவைப்பது அவருடைய எண்ணமாக இருந்திருந்தால், இந்தியர் என்ற சொல் ஒன்றே போதும். கப்பல் போய்ச் சேரும் கரையிலுள்ளவனும் அந்தக் கப்பலுக்குச் சொந்தக்காரனாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். 25 ரூபாய் என்பது அன்று சிறிய தொகையன்று. ஆயினும் ஒரு சில்லறைக் கடைக்காரன் மிச்சம் பிடித்துச் சேர்க்கக்கூடிய தொகை. நூறு ரூபாயாக வைத்திருந்தால் பங்குகள் தனவந்தர்களிடமே தங்கியிருக்கும்.

இனி, கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. ஷா லயன் என்னும் கப்பல்காரரிடம் வாடகைக்குக் கப்பல் பேசி ஓட்டினார்கள். பிரிட்டிஷ் கம்பெனியார் அந்தக் கப்பல்காரரை மிரட்டவே, அவர் தமது கப்பலைத் திருப்பிக்கொண்டார். கம்பெனி பிறந்த சில நாட்களிலேயே இறந்துவிட்டது என்று எதிரிகள் மகிழ்ந்திருப்பார்கள். பிள்ளையவர்கள் உடனே கொழும்புக்குச் சென்று, அங்கே பெரிய கப்பலொன்றை வாடகைக்குப் பேசிக்கொண்டு வந்து, நின்றுபோன போக்குவரத்தை மறுபடியும் நடத்தினார். ஆபத்து வேளையில் கைகொடுத்தது மறுகரையே என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாடகைக் கப்பலை நம்பிப் பயனில்லை என்பது இதனால் விளங்கிவிட்டது. சொந்தக் கப்பல் வாங்குவதற்காகப் பிள்ளையவர்கள் பம்பாய்க்குப் புறப்பட்டார். அப்பொழுது வீட்டில் மூத்த குழந்தை உலகநாதன் நோயாகக் கிடந்தான், மனைவியார் கர்ப்பவதி. நண்பர்கள் தடுத்தார்கள். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து உயிரை விடுவேன் என்று சபதம் செய்து சென்றதாகச் சொல்வார்கள். வடக்கே திலகர் முதலியோரின் உதவி கிடைத்தது. 1907-ம் வருஷம் மே மாதத்தில் காலியா என்னும் கப்பல் தூத்துக்குடித் துறைக்கு வந்து சேர்ந்தது. ஐரோப்பாவில் வாங்கிய லாவோ என்னும் மற்றொரு கப்பலும் வந்தது. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் பிரயாணம் செய்யலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். துறைமுகத்தில் கூடிய ஜனங்களின் சந்தோஷத்தை வர்ணிக்க வேண்டியதில்லை.

பிறகு கட்டண யுத்தம் மூண்டது. நாம் இந்தச் சரித்திரத்தில் முக்கியமாகக் கருதுவது இந்தப் பகுதியையே. பிரிட்டிஷ் கம்பெனியார் கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தார்கள். சுதேசிக் கம்பெனியார் எட்டணாவாகக் குறைத்தார்கள். அதன்மேல் பிரிட்டிஷ் கம்பெனியார் கட்டணமே இல்லாமல் ஏற்றிச் செல்வதாகவும், ஏறுகிறவர்களுக்கு ஒரு குடை இனாமாகக் கொடுப்பதாகவும் அறிவித்தார்கள். நம்மில் பலர் இந்தக் குடைக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

நீராவிக் கப்பலின் செலவுக் கணக்கு எளிதானது. ஆயிரம் பேர் ஏறினாலும் பத்துப் பேர் ஏறினாலும் எரியும் கரி ஏறக்குறைய ஒன்றே. மாலுமிகளின் சம்பளம் ஒன்றே. துறைமுகக் கட்டணம் ஒன்றே. கப்பல் காலியாகப் போனால் ஒவ்வொரு பிரயாணமும் நஷ்டம். பிரிட்டிஷ் கம்பெனியாருக்கு நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. பர்மாவிலும் பாரசீக வளைகுடாவிலும் ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையிலும் அவை ஓடின. அவர்கள் செழித்ததே சர்க்கார் கொடுத்த தபால் ஒப்பந்தப் பணத்தினால்தான். நூறு வழிகளில் வரும் இலாபத்தில் சிறிதளவை ஒரு வழியில் கொட்டிவிட்டு, எதிரி சாகும் வரையில் காத்திருக்க அவர்களால் முடியும். இரண்டு கப்பலும் ஒரு வழியும் உள்ளவர் என்ன செய்வார்? அந்தக் குடையின் விலை அணாக் கணக்கில்தான் இருக்கும். ஆனால் சுதேசிக் கப்பல் ஒழிந்த பிறகு தூத்துக்குடி வழியே சென்ற ஒவ்வொரு பிரயாணியும் அக்குடைக்கு விலை கொடுத்தவனே.

ஆயினும் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். குடைக்கு ஆசைப்பட்டு ஏறியவர்கள் உண்டு. அதே சமயத்தில், இனாமாகப் போகலாம் என்றிருந்தும் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறிய ஜனங்களும் வியாபாரிகளும் அநேகர். அவர்கள் மட்டும் இல்லாதிருந்தால் கம்பெனி அவ்வளவு காலம் நிலைத்திருக்காது.

பிள்ளையவர்கள் கப்பலோடு நிற்கவில்லை. தூத்துக்குடியில் பிரிட்டிஷ் கப்பல் கம்பெனிக்கு ஏஜெண்டுகளாக இருந்த ஹார்வி கம்பெனியாரே கோரல் மில் என்னும் நூற்பாலையையும் நடத்தினார்கள். 1908-ம் வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில் அந்த ஆலைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, பிள்ளையவர்களும் ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்தினார்கள். கூலி உயர்ந்தது. விபின சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையானதைக் கொண்டாட ஏற்பாடு செய்ததை ஒட்டி மார்ச்சு 12-ந் தேதி அவர்கள் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள்; போலீஸார் சுட்டதில் நால்வர் மாண்டனர். ஜூலை 7-ந் தேதி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தார். அதாவது நாற்பது வருஷம். ஹைக்கோர்ட்டில் அது ஆறு வருஷமாகக் குறைந்தது. இந்தத் தண்டனையின் அளவைக் கண்டு அந்நாளில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபுவே மனம் சலித்தார் என்பது சரித்திரத்தில் பதிந்த விஷயம்.

கம்பெனியைச் சேர்ந்தவர்களிலேயே சிலர், ராஜீய விவகாரங்களை விட்டுவிட்டுக் கப்பலை மட்டும் கவனிக்கும்படி பிள்ளையவர்களை முன்னமே வற்புறுத்தியிருந்தார்கள். அவர் இணங்கவில்லை. அவர் செய்தது தவறென்று இன்றும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். வியாபாரக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிறர் பணத்தைப் பொறுப்பேற்றவன் அந்தப் பணத்துக்கு ஆபத்து வரும் வழியில் நடக்கலாமா என்று ஒரு பங்குதாரன் கேட்டால், வக்கீல் என்ற முறையில் நாம் தயங்காமல் விடை சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் மௌனமாயிருந்திருந்தால் அதிகாரிகள் கம்பெனியை வாழவிட்டிருப்பார்களா என்ற கேள்வியும் இருக்கிறது. கட்டண யுத்தம் மூண்டது கோரல் மில் வேலைநிறுத்தத்துக்கு முன்பேயாகும். ஏகபோகத்தைத் தொட்டவன் ராஜத்துரோகி என்று கருதப்பட்ட காலம் அது. கப்பல் வேறு, ராஜீயம் வேறு என்று பிரித்துக்கொள்ளும் சௌகரியம் அவருக்கு அளிக்கப்படவே இல்லை.

அவர் சிறை சென்ற பின் கம்பெனி நலிந்தது. முன்னின்று நடத்த ஆள் இல்லை. பயந்த பங்குதாரர்கள் விலகினார்கள். 1911-ம் வருஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு கப்பல்களுள் ஒன்று, எந்த வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அவர்களுக்கே விற்கப்பட்டது என்று சொல்வார்கள். அச்செய்தி சிறையிலிருந்தவரின் மனத்தைக் கல்லுடைப்பையும் செக்கையும்விட அதிகமாகப் புண்படுத்திற்று என்பதை அவர் வரலாற்றை அறிந்தவர்கள் அறிவார்கள். அதே 1911-ம் வருஷம் டிசம்பர் மாதம் 2-ந் தேதி ஸ்ரீ பாண்டித்துரைத் தேவரும் நாற்பத்துநான்காவது வயதில் காலமானார். தலைவர் மறைந்தபோது உதவிக் காரியதரிசி கண்ணனூர்ச் சிறையில் இருந்தார்.

1912-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி பிள்ளையவர்கள் விடுதலையானார். அவரை வரவேற்க வந்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வக்கீல் ஸன்னத்து பறிபோயிருந்தது, செல்வமும் போயிற்று. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பல தொழில்களை முயன்று வறுமையில் உழன்றார். தென்னாப்பிரிக்காவிலுள்ள தமிழர்கள் அவருக்கென்று சேர்த்துக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்த தொகை 347 ரூபாய் 12 அணா, நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பின் 1916-ல் அவர் கைக்கு வந்தது. பத்து லட்ச ரூபாய் மூலதனம் திரட்ட முனைந்தவர் அந்தத் தொகைக்காகக் காத்திருந்தார். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் பின்னர் ஸன்னத்து திரும்பக் கிடைத்தது; அந்த நன்றியை மறவாமல் ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் தொழில் நடத்தினார். திருக்குறளுக்கு உரை எழுதினார்; தொல்காப்பியத்தைப் பதிப்பித்தார். இறுதியில் தூத்துக்குடிக்கே திரும்பி, 1936-ம் வருஷம் நவம்பர் மாதம் 18-ந் தேதி, தமது விருப்பப்படி அவ்வூர்க் காங்கிரஸ் காரியாலயத்தில் கண்மூடினார். 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இலங்கை வழியின் கதை அவரோடு முடியவில்லை. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு ரயில் தனுஷ்கோடி வரை சென்றது. தலைமன்னாருக்கு ரயில்வேக் கம்பெனியாரே கப்பல் விட்டார்கள். தூத்துக்குடி வழியாக நடந்த பிரயாணம் சேது நாட்டுக்கே வந்து சேர்ந்தது. ஆனால் அதன் உடைமை மட்டும் மாறவில்லை. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேசுவரத்திலிருந்து சென்ற கப்பலும் 1980-களின் கலவர காலத்தில் நின்றது. 2011 ஜூன் மாதத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் மறுபடியும் விடப்பட்ட கப்பல் சில மாதங்களிலேயே ஓய்ந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் தொடங்கிய கப்பலும் நின்று நின்றே நடந்தது.

கம்பியின் கதைக்கு இப்போது வருவோம். அயல்நாட்டோடு மின்சார வியாபாரம் செய்வது நமக்குப் புதிதன்று. பூட்டானில் சுக்கா நீர்மின் நிலையம் முதலியவற்றிலிருந்து நாம் மின்சாரம் வாங்கி வந்திருக்கிறோம். அந்தச் சிறு நாட்டின் வருமானத்தில் அது பெரும் பகுதி. 2024-ம் வருஷம் அக்டோபரில் நேபாளமும் வங்காளதேசமும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, நேபாளத்து மின்சாரம் 40 மெகாவாட் நம் கம்பிகளின் வழியே வங்காளதேசத்துக்குச் சென்றது. இவையெல்லாம் நல்ல முன்மாதிரிகள். ஆனால் இலங்கையில் இத்தகைய ஏற்பாடுகளைப் பற்றிச் சந்தேகம் நிலவுகிறது என்பதை நாம் அறியாதவர்போல் இருக்கலாகாது. மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலைகள் அமைக்க ஒப்புக்கொண்டிருந்த ஒரு பெரிய இந்தியக் கம்பெனி, மின்சாரத்தின் விலையை மறுபடியும் பேச வேண்டுமென்று இலங்கை சர்க்கார் கேட்டதன் பின்பு, 2025 பிப்ரவரியில் அந்தத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. அங்குள்ள ஜனங்கள் விலையைப் பற்றியும் வலசை வரும் பறவைகளைப் பற்றியும் எழுப்பிய கேள்விகளை விரோதமென்று எண்ணுகிறவர்கள், 1907-ல் தூத்துக்குடியார் எழுப்பிய கேள்விகளை நினைத்துப் பார்ப்பது நல்லது. அன்று சிறியவர்களாக இருந்தவர்கள் நாம். இந்தக் காரியத்தில் பெரியவர்களாக இருப்பவர்களும் நாமே.

மின்சாரக் கம்பி கப்பலைக் காட்டிலும் கடினமான விஷயம். கப்பல் பிடிக்காவிட்டால் வேறு கப்பலில் ஏறலாம். கடலடியில் ஒரே கம்பி கிடக்கும்போது அதை விட்டால் வேறு வழியில்லை. ஆகையால் கம்பி யாருடையது, இரு பக்கத்தாருக்கும் அதில் எவ்வளவு பங்கு, மழை பொய்த்த வருஷத்தில் இலங்கை வாங்கும் மின்சாரத்துக்கும் காற்று மிகுந்த மாதங்களில் நாம் வாங்கும் மின்சாரத்துக்கும் விலை வைக்கும் முறை ஒன்றா வேறா, தகராறு வந்தால் தீர்ப்பவர் யார் என்பனவற்றை ஆரம்பத்திலேயே எழுதிவிட வேண்டும். கம்பி இறங்கும் கரையிலே வலை வீசிப் பிழைக்கும் இரு நாட்டு மீனவர்களுக்கும், எந்த மாதத்தில் எந்த இடத்தில் வேலை நடக்கும், அந்நாட்களில் அவர்களுடைய பிழைப்புக்கு என்ன ஏற்பாடு என்பதையும் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும்.

இந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகளைக் கம்பி போடுவதற்கு முன்பே தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு வெளியிடும்படி இரு சர்க்கார்களையும் கேட்டுக்கொள்ளுகிறோம். அவற்றில் பொதுஜனங்கள் வாங்கத்தக்க பங்குகளுக்கு இடம் வைக்கப்படுமானால், அந்தப் பங்குகள் பனைக்குளத்திலும் தேவிபட்டினத்திலும் உள்ளவர்களுக்கு எவ்வளவு உண்டோ, தலைமன்னாரிலும் திருக்கேதீச்சரத்திலும் உள்ளவர்களுக்கும் அவ்வளவு இருக்க வேண்டும். பங்கின் விலை ஒரு தோணிக்காரன் வாங்கக்கூடியதாக இருக்கட்டும்.